தொண்டைக்குழியில் நாற்பத்தெட்டு நாள்

வாயைத் திறந்த நொடியில் என் கண் யார் மேல் இருந்தது? ஓரகத்தி மேலா, என் மகள் மேலா? ஒரு வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஓரகத்தி மேல் என்றால் வாய் தவறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். மகள் மேல் என்றால் அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

காரைக்குடியில் கணவருடைய அண்ணன் குடும்பமும் நாங்களும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அண்ணன் மனைவியான என் ஓரகத்தியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வருகிறவரை ‘வாங்க’ என்று கேட்காமல் விட்டால் அதைச் சாகும்வரை சொல்லிக் காட்டுவார்கள். பெரியவர்கள் கேட்டால் மட்டும் போதாது. பேசத் தெரிந்த பிள்ளையும் தன் வாயால் கேட்க வேண்டும். என் மகளுக்கு அப்போது நாலு வயது. கொஞ்சம் திக்குவாய். மற்றச் சொற்கள் எப்படியோ வந்துவிடும். ‘வா’ மட்டும் உதட்டிலேயே ஒட்டிக்கொள்ளும்.

அக்காவுக்கு அது பொழுதுபோக்கு. யார் வந்தாலும் அவளை முன்னால் தள்ளிவிடுவார். “இவ எங்க வீட்டு ரேடியோ. ஸ்டேசன் புடிக்கக் கொஞ்ச நேரமாகும், பொறுத்துக் கேளுங்க.” வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் ஓரிரு முறை சிரித்திருக்கிறேன். அதை இங்கே மறைத்துப் பயனில்லை.

சிவகங்கைக்கு அலுவலகம் போய்வரும் கணவரிடம் சொன்னேன். “மதினி வேடிக்கைக்குச் சொல்றாக. நீ ஏன் பெருசாக்குற?” என்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

நான் பள்ளியிறுதி வரை படித்தவள். பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவள். அக்காவின் முன்னால் மட்டும் தொண்டை அடைத்துக்கொள்ளும். எனக்கு வேண்டியிருந்தது ஒரே வாக்கியம்: ‘அக்கா, என் பிள்ளையை வச்சு விளையாடாதீக.’

கிளை நூலகத்தில் எடுத்த ஒரு யோகப் புத்தகத்தில் வழி இருந்தது. தொண்டைக்குழியில் விசுத்தி என்ற சக்கரம், பதினாறு இதழ்த் தாமரை. அங்கே மனத்தை நிறுத்தி ‘ஹம்’ என்று உள்ளுக்குள் ஒலித்துவந்தால் சொல் தடையின்றி வரும், மனத்தில் உள்ளது உள்ளபடி வெளிப்படும் என்று போட்டிருந்தது. விடியுமுன் மாடியில் உட்கார்ந்தேன். தாமரையின் நிறம் புத்தகத்தின் ஒரு பக்கத்தில் நீலம், இன்னொரு பக்கத்தில் புகை நிறம் என்றிருந்தது; ஒருநாள் அதை நினைத்தேன், ஒருநாள் இதை. குரு இல்லாமல் செய்யக் கூடாது என்ற வரியைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன். ஒரு மண்டலம் நாற்பத்தொன்றா, நாற்பத்தெட்டா என்று குழம்பி, எதற்கும் இருக்கட்டும் என்று நாற்பத்தெட்டே வைத்துக்கொண்டேன்.

வடகம் காயவைக்க மாடிக்கு வந்த அக்கா ஒருநாள் பார்த்துவிட்டார். என்ன செய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

“தொண்டையில பூவா? பூத்ததும் சொல்லு, பறிச்சுத் தலையில வச்சுக்கிறேன்.”

ஆனால் ஏதோ நடக்கத்தான் செய்தது. முப்பதாம் நாள் வாக்கில், கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த காக்கையிடம் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன். தடங்கலே இல்லை.

மண்டலம் முடிந்த மூன்றாம் நாள் அக்காவின் கடைசிப் பையனுக்குக் காதுகுத்து. தேவகோட்டையிலிருந்து தாய்மாமன் வீட்டார் சீர்த் தட்டுகளோடு வந்தார்கள். நான் வாசலில் சந்தனக் கும்பாவோடு நின்றேன். அக்கா என் மகளைக் கொண்டுவந்து என் பக்கத்தில் நிறுத்தினார். “இன்னைக்கு நீதான்டி எல்லாரையும் வாங்கன்னு கேக்கணும்.”

பட்டுப் பாவாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் தொடங்கினாள். “வா... வா... வா...”

“ஒரு வா போதும் ஆத்தா, வந்துட்டோம்ல” என்றார் தாய்மாமன். வாசலே சிரித்தது.

அதோடு விட்டிருக்கலாம். அவர் திரும்பி இறங்கிப் போய், கழற்றிய செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடி படியேறி வந்தார். “இப்பக் கேளு.” அவள் மறுபடி முயன்றாள். அக்கா விரல் விட்டு எண்ணினார். “ஏழு வா. அடுத்து யாரு வாரீக?” இன்னொருவரும் இறங்கிப் போய் ஏறி வந்தார். மகளின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

என் தொண்டை திறந்தது. புத்தகத்தில் சொன்னபடியே திறந்தது. குளிர்ந்த தண்ணீர் இறங்குவதுபோல் இருந்தது.

“சொல்ல வரலைன்னா வாயை மூடிக்கிட்டு உள்ள போ. மானத்தை வாங்காத.”

ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை. கடைசி வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும்.

சிரிப்பு நின்றது. அக்கா குனிந்து அவளைத் தூக்கிக்கொண்டார். “புள்ளையை ஏன்டி வையுற? நாங்க சும்மா விளையாண்டோம். உனக்கு வாய் வந்ததும் இதுக்குத்தானா?” மகள் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வந்தவர்கள் நான் நீட்டிய சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார்கள்.

அதற்குப் பிறகு அவள் யாரையும் ‘வாங்க’ என்று கேட்டதில்லை. கும்பிடுகிறாள். பெரியம்மாவிடம் திக்கித் திக்கியாவது கதை பேசுகிறாள்; அடுப்படியிலிருந்து எனக்குக் கேட்கும். நான் உள்ளே போனதும் நிறுத்திவிடுவாள். என்னிடம் தலையாட்டல்தான். பசிக்கிறதா என்றால் ஓர் ஆட்டு. தூக்கம் வருகிறதா என்றால் ஓர் ஆட்டு. அக்காவிடம் சொல்ல வைத்திருந்த வாக்கியத்தை நான் இன்றுவரை சொல்லவில்லை. இனி எந்த முகத்தோடு சொல்வது?

நான் மாடியில் போய் உட்காருவதையும் விட்டுவிட்டேன். போன வாரம் துணி எடுக்கப் போனபோது, நான் முன்பு உட்காரும் இடத்தில் அவள் சம்மணம் போட்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். ஒரு கை வாயைப் பொத்தியிருந்தது. என்னடா செய்கிறாய் என்றேன். கையை எடுக்காமலே தலையை ஆட்டினாள்.

ஜூனில் பள்ளியில் சேர்க்க வேண்டும். டீச்சர் அவள் பெயரைக் கேட்பார். இதைப் படிக்கிறவர்களில் விசுத்தியில் மனம் நிறுத்திப் பழகியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: நிறத்தை மாற்றி மாற்றி நினைத்ததால் வந்த கோளாறா, அல்லது உள்ளே இருந்ததுதான் அப்படியே வந்ததா? அது தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஐந்து வயதுப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டவர்கள் யாராவது இருந்தால், எந்த வார்த்தையில் கேட்டீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். ஜூனுக்குள் தெரிந்தால் நல்லது.