மஞ்சக்குட்டைக்கு கார்ட்ரிட்ஜ் வாங்கப் போன கதை

ஏற்காட்டுக்கு எல்லோரும் ஏரி பார்க்கப் போவார்கள். நான் 1987-இல், பொங்கல் கழிந்த வியாழக்கிழமை, பாதித் தீப்பெட்டி அளவு சாமான் ஒன்றைத் தேடிப் போனேன். பழைய ரெக்கார்டு பிளேயர் வாங்கிய பிள்ளைகள் சிலர், கார்ட்ரிட்ஜைப் பழுது பார்க்கலாமா, புதுசாகவே வாங்கிவிடலாமா என்று இந்தப் பக்கத்தில் கேட்டபடி இருக்கிறார்கள். நான் பட்டதைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பிளேயரின் கை நுனியில் முள்ளைத் தாங்கியிருக்கும் சின்னப் பெட்டிதான் கார்ட்ரிட்ஜ். தட்டின் வரியில் முள் அதிரும் அதிர்வை அதுதான் கரண்டாக மாற்றிக் கொடுக்கும். எங்கள் பிளேயரில் அது கெட்டுவிட்டது. பாட்டு முதலில் கரகரத்தது, பிறகு கிழிந்தது, மார்கழி பிறந்ததும் பேச்சு மூச்சே இல்லை.

நான் ஐந்தாவதோடு பள்ளியை விட்டவள். எங்கள் தெருப் பெண்கள் வெள்ளிக்கிழமை கோயிலில் பாடுவதற்கு நான்தான் பாட்டுச் சொல்லித்தருவேன். எனக்குச் சொல்லித்தந்தது ஐம்பத்திரண்டு இசைத்தட்டுகள். ஒரு வரியை ஓட்டி, கையைத் தூக்கி, மறுபடி அதே வரியில் வைத்துக் கற்றுக்கொண்டது. என் வீட்டுக்காரருக்கு டேப் ரெக்கார்டர் ஆசை. பிளேயரையும் தட்டுகளையும் எடுத்துக்கொண்டு டேப் ரெக்கார்டர் தருகிறேன் என்று ஒரு வியாபாரி ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. "அதுக்குள்ள பாடிருச்சுன்னா இருக்கட்டும். பாடலைன்னா குடுத்தரலாம்" என்றார் வீட்டுக்காரர். நியாயம்தான். ஆனால் அந்தத் தட்டுகளில் முக்கால்வாசி அன்றைக்குக் கேசட்டில் கிடையாது.

சேலம் கடைத்தெருவில் புதுசு ஒன்றைக் காட்டினார்கள். முந்நூற்று எண்பது ரூபாய், காந்த வகை. அதன் ஒலி நொம்ப மெலிசு, பெருக்கித்தர இன்னொரு பெட்டி வேண்டும், அதற்குத் தனியாக இருநூறு. எங்கள் பிளேயரின் கையில் அது உட்காரவும் செய்யாது. பழசைத் திறந்து பாருங்களேன் என்றேன். உள்ளே பீங்கான் சில்லு இருக்கிறது, தொட்டால் உடையும், உடைந்தால் நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். எனக்கும் திறக்கத் துணிவில்லை. அப்போதுதான் எங்கள் தெருத் தையல்காரம்மா ஒரு தகவல் சொன்னார். ஏற்காட்டுக்குப் பக்கத்தில் மஞ்சக்குட்டையில் அவருடைய அக்கா பிலோமினா வீட்டில் எங்களுடையதைப் போலவே ஒரு பிளேயர் இருக்கிறது, அதற்கான புது கார்ட்ரிட்ஜ் ஒன்று பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது, அறுபது ரூபாய்க்குத் தருவார்கள் என்று. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

காலை ஆறரைக்குச் சேலத்தில் பஸ். கட்டணம் நான்கு ரூபாய், முப்பத்து சொச்சம் கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவு. வலப்பக்கச் சன்னல் கிடைத்தால் பள்ளத்தாக்கு முழுசும் உங்களுக்குத்தான். நான் மடியில் எங்கள் பழைய கார்ட்ரிட்ஜைப் பஞ்சில் சுற்றி வைத்திருந்தேன், அளவு ஒத்துப்பார்க்க. எட்டு மணிக்குள் ஏற்காடு. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு, மூன்று ரூபாய் கொடுத்து ஷேர் ஜீப்பில் ஏறினேன். முன்சீட்டில் மூன்று பேர், பின்னால் பதினொரு பேர், இரண்டு வாழைத்தார். என் மடியைப் பார்த்த டிரைவர், "ஏனுங்கக்கா, கோழிக்குஞ்சுங்களா?" என்று கேட்டார். பாட்டுப்பெட்டி முள் என்றேன். அதற்குப் பிறகு பள்ளம் வரும்போதெல்லாம், "அக்கா, முள்ளப் புடிச்சுக்குங்க" என்று குரல் கொடுத்துக்கொண்டே ஓட்டினார்.

பிலோமினாக்காவின் வீட்டுக்காரர் எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர். அவர் களத்துக்குப் போயிருந்தார். காப்பிப் பழம் காயும் பருவம், ஊரே புளிப்பு வாசம். தங்கை சொல்லி அனுப்பியிருந்ததால் அக்கா என்னைக் கண்டதும் கைகழுவித் துடைத்துக்கொண்டு, அடுப்புக்கு மேலிருந்த பலகையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். மலையில் எல்லா வீட்டிலும் அந்தப் பலகை உண்டு. பனிக்காலத்தில் தீப்பெட்டியும் உப்பும் நமத்துப்போகாமல் அங்கேதான் இருக்கும். ரேஷன் கார்டும் அங்கேதான். கார்ட்ரிட்ஜையும் எட்டு வருஷமாக அங்கேயே காப்பாற்றி வைத்திருக்கிறார். எஸ்டேட் துரை பங்களாவைக் காலி செய்தபோது பிளேயரோடு கொடுத்ததாம். பிளேயரிலிருந்த பழைய கார்ட்ரிட்ஜை எலி கடித்துப்போட்டது. புதுசைப் போடலாம் போடலாம் என்று இருந்து, அதற்குள் டேப் ரெக்கார்டர் வந்துவிட்டது.

பெட்டி மின்னியது. அளவு அச்சாக ஒத்தது. முருகா என்று கும்பிட்டுக்கொண்டு, வாங்குமுன் ஒரு தடவை பாடவிட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். அக்காவின் பிளேயரில் மாட்டி, ஒரு தட்டைப் போட்டு, முள்ளை வைத்தோம். தட்டு சுற்றியது. சத்தம் இல்லை. நாலு கம்பியையும் மாற்றி மாற்றிச் சொருகினேன். ஒன்றுமில்லை.

அக்காவுக்கு முகமே செத்துவிட்டது, ஏமாற்றிவிட்டதாக நான் நினைப்பேனோ என்று. "கர்த்தர் சத்தியமா தொடவே இல்லீங் அம்மிணி. கொழந்தையாட்டம் வெச்சிருந்தனுங்க" என்றார். ஓரத்தில் பிளேடு வைத்து மெல்லத் திறந்தேன். உள்ளே வெள்ளையாக மாவு உதிர்ந்தது. நூலகத்தில் ரேடியோப் பத்திரிகை ஒன்றில் படித்தது அப்போதுதான் உறைத்தது. இந்த வகையில் சில்லு பீங்கான் இல்லை, ஒருவித உப்பில் விளைந்த படிகம். ஈரமும் ஆகாது, சூடும் ஆகாது. ஈரத்துக்குப் பயந்து அடுப்புக்கு மேல் வைத்தார்கள், சூடு அதைக் கொன்றுவிட்டது.

விவரத்தைச் சொன்னேன். அக்கா டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்தார். "அப்ப எட்டு வருசமா உப்பு டப்பா ரெண்டு வெச்சிருந்திருக்கறேன்" என்றார். இருவரும் சிரித்துவிட்டோம். சிரித்த பிறகுதான் எனக்குத் துணிவு வந்ததென்று நினைக்கிறேன். இனி இழக்க என்ன இருக்கிறது? பஞ்சிலிருந்து எங்கள் பழசை எடுத்தேன்.

திறந்து பார்த்தால் சில்லு முழுசாக இருந்தது. பீங்கானேதான். முள்ளின் தண்டையும் சில்லையும் சேர்க்கிற ரப்பர் மட்டும் கல்லாக இறுகி வெடித்திருந்தது. அதே கனத்தில் மெத்தென்ற ரப்பர் வேண்டும். அக்கா வாசலைப் பார்த்தார். அங்கே ரைட்டரின் சைக்கிள் நின்றது. மேட்டில் தள்ளிக்கொண்டும் இறக்கத்தில் ஏறிக்கொண்டும் அவர் போகிற சைக்கிள். காற்றுப் பிடிக்கும் வாயில் மாட்டுகிற வால்வ் டியூப்! ஒரு துண்டு நறுக்கிக்கொண்டோம். "கேட்டாருன்னா குளுருக்கு வெடிச்சுருச்சுன்னு சொல்லிக்கறனுங்க" என்றார் அக்கா. எஸ்டேட்டில் காலில் தைத்த முள் எடுக்கிற இடுக்கிதான் கருவி. மூன்று தடவை துண்டு பெரிதாகிப்போய் மறுபடி நறுக்கினேன். அரிசியில் பாதி அளவுக்கு வந்ததும் கச்சிதமாக உட்கார்ந்தது.

மறுபடி அதே தட்டு. அக்காவின் ஆலயத்துப் பாடல், பெண்கள் சேர்ந்து பாடுவது. முள் இறங்கியதும் ஒரு இரைச்சல், பிறகு குரல்கள்! அவ்வளவு தெளிவு. மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. அக்கா சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். என் கைகளும் தன்னால் குவிந்தன. களத்திலிருந்து இரண்டு பெண்கள் கூடையோடு வந்து சன்னலில் நின்றார்கள். ஒரு பக்கம் முடியும்வரை கூடையை இறக்காமல் கேட்டார்கள்.

அறுபது ரூபாயை நீட்டினேன். உப்புக்கு யாராவது அறுபது ரூபாய் கொடுப்பார்களா என்று அக்கா கையைத் தள்ளிவிட்டார். களத்துக் காப்பிக்கொட்டை ஒரு கிலோ வாங்கிக்கொண்டேன், அதற்குக் காசு வாங்கிக்கொண்டார். மதியம் ஏற்காட்டிலிருந்து வேறு ஜீப் பிடித்துச் சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்து போய்க் கும்பிட்டுவிட்டு, நாலரை பஸ்ஸில் மலையிறங்கினேன்.

ஞாயிறு காலை வியாபாரி டேப் ரெக்கார்டரோடு வந்துவிட்டார். நான் அடுப்படியில் இருந்தேன். என் வீட்டுக்காரர் அவரை உட்காரவைத்து, தானே ஒரு தட்டைத் துடைத்துப் போட்டார். பாட்டு முடிந்தது. வியாபாரி, இன்னும் ஐம்பது ரூபாய் சேர்த்துத் தருகிறேன் என்றார். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

"ஏனுங்க, இது எங்க ஊட்டம்மா படிச்ச பள்ளிக்கூடமுங்க. வெல பேசாதீங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

இப்போது உங்களுக்கு. புது காந்த வகை வாங்குவதானால் உங்கள் பிளேயரின் கை அதற்கு ஒத்துவருமா, ஒலியைப் பெருக்கப் பெட்டி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டும் இருந்தால் தாராளமாக வாங்கலாம், நான் தடுக்கவில்லை. பழைய காலத்துச் சரக்கு பெட்டி பிரிக்காமல் கிடைக்கிறது என்று துள்ளாதீர்கள். ஓட்டிக் காட்டாமல் காசு கொடுக்காதீர்கள். உங்கள் பழசில் இருப்பது பீங்கான் சில்லாக இருந்தால் ரப்பரை மாற்றிப் பாருங்கள், பகல் வெளிச்சத்தில், கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொண்டு. வால்வ் டியூப் வைத்தது எனக்கு ஆறு வருஷம் ஓடியது. மஞ்சக்குட்டைக்குப் போகிறவர்கள் தை மாதத்தில் போங்கள், காலை ஜீப்பைப் பிடியுங்கள், முன்சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.