அம்மாக்கண்ணு மகள் வெயிட்டு லிஸ்டில் இருந்த கதை

விக்கிரமங்கலத்து அம்மாக்கண்ணு பஸ் ஏறுகிற அழகைப் பார்க்க வேண்டும். ஸ்டாப்புக்குப் போய் நிற்கவே மாட்டாள். தன் வீட்டு வாசலில் நின்றபடி கையை நீட்டுவாள். புது டிரைவர் யாராவது, "ஸ்டாப்பு அங்க இருக்குதும்மா" என்றால், "நான் இங்கதானே இருக்கேன்" என்பாள். நாளாவட்டத்தில் பஸ்தான் பழகிக்கொண்டது. அவள் பழகவில்லை.

பருத்திக் காட்டில் கூலி வேலை. புருஷன் செல்லதுரை சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினான். வீட்டில் இருக்கிற நேரத்தில் தூங்குவான், தூங்காத நேரத்தில் வீட்டில் இருக்க மாட்டான். ஒரே மகள் மலர்கொடி பிளஸ் ஒன் முடித்திருந்தாள். பக்கத்து வீடு ஜெகதாம்பாளுடையது. அவள் புருஷன் துபாயில். அந்தத் தெருவுக்கே இருந்த ஒரே போன் அவள் வீட்டு ஜன்னலோரம் பூத்துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

இரண்டு பெண்களுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. காரணம் ஒரு முட்டை. ஜெகதாம்பாளின் கோழி அம்மாக்கண்ணுவின் வைக்கோல் போரில் போய் முட்டையிட்டது. முட்டை கோழிக்காரிக்கா, போர்க்காரிக்கா? இருவரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நியாயம் பேசிய நேரத்தில் நாய் வந்து முட்டையைத் தின்றுவிட்டுப் போனது. மிச்சம் இருந்தது சண்டைதான். அதை இருவரும் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

அதற்காகச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருக்க முடியுமா? ஜாடை எதற்கு இருக்கிறது? ஜெகதாம்பாளுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தன் ஆட்டிடம் சொல்வாள். அம்மாக்கண்ணு அம்மிக்கல்லிடம் பதில் சொல்வாள். ஆட்டுக்கும் அம்மிக்கும் ஊர்ச் செய்தி அத்தனையும் தெரியும்.

அரியலூரைத் தனி ஜில்லா என்றார்கள், பிறகு வேண்டாம் என்று பெரம்பலூரோடேயே சேர்த்தார்கள் அல்லவா, அதற்கு அடுத்த வருஷம். திருச்சியில் ஒரு காலேஜில் கோடை லீவுக்கு என்ஜினீயரிங் வகுப்பு வைத்தார்கள். கிராமத்துப் பிள்ளைகள் பரீட்சை எழுத வேண்டும். தேறினால் அங்கேயே தங்கி, மெஷினெல்லாம் தொட்டுப் பார்த்துப் படிக்கலாம், சோறும் அவர்களே போடுவார்கள். எழுதியது பெருங்கூட்டம், எடுப்பது கொஞ்சம் பேரை. மலர்கொடியும் எழுதினாள். முடிவு சொல்ல போன் நம்பர் கேட்டார்கள். ஜெகதாம்பாள் வீட்டு நம்பரைக் கொடுத்தாள். சண்டை பெரியவர்களுடையது, போனுக்கு என்ன வந்தது?

பிறகு காத்திருப்பு. பக்கத்து வீட்டில் மணி அடித்தால் மலர்கொடி துடைப்பத்தோடு ஓடுவாள், மாவுக் கையோடு ஓடுவாள். எல்லாம் துபாய் போன்.

"அந்த போனைக் கல்யாணம் பண்ணிக்கிறியாடி?" என்றாள் அம்மாக்கண்ணு.

"நீ சும்மா இரும்மா. கெடைக்கலேன்னா எங்க கிளாஸ் ஜெயசித்ரா சிரிப்பா. நான் அவகிட்ட கெடைச்சிடும்னு சொல்லிட்டேன்."

"கெடைக்கறதுக்கு முன்னாடி சொல்றதுக்கு ஒனக்கு நாக்கு எவ்வளவு நீளம்? அப்பன் புத்தி."

ஜெயசித்ராவின் சிரிப்புக்குப் பயந்து மட்டும் மலர்கொடி ஓடவில்லை. பிளஸ் டூ முடிந்ததும் கட்டிக்கொடுத்துவிடலாம் என்று செல்லதுரை தூக்கத்தில்கூடச் சொல்லிக்கொண்டிருந்தான். இவள் என்ஜினீயருக்குப் படிக்கத் தக்கவள் என்று யாராவது வெளியாள் ஒருவர் சொன்னால்தான் அந்த வாய் அடங்கும். மகளுக்கும் தெரியும், தாய்க்கும் தெரியும்.

ஒரு நாள் மலர்கொடி குழாயடிக்குப் போயிருந்தபோது அந்த போன் வந்தது. ஜெகதாம்பாள் எடுத்தாள், பேசினாள், வெளியே வந்து ஆட்டின் முன்னால் நின்றாள்.

"ஏ ஆடே, கேட்டியா சேதிய? அந்த வூட்டுப் பொண்ணு வெயிட்டு லிஸ்டுல இருக்காளாம். திருச்சிக்காரன் சொல்லிட்டான்."

வெயிட்டு! ஊரில் பெரிய புள்ளி யாராவது வந்தால் வெயிட்டான ஆள் என்பார்கள். லிஸ்டே வெயிட்டு என்றால்? அம்மாக்கண்ணு அம்மியைப் பார்த்து, "தெரிஞ்சதுதானே" என்றாள். உடனே ரவையை வறுத்துக் கேசரி கிளறினாள். ஆட்டுக்கும் ஒரு கரண்டி போனது.

மலர்கொடி குடத்தோடு வந்து, நேரே ஜெகதாம்பாளிடம் ஓடி முழுசாக விசாரித்துவிட்டு, தொங்கிய முகத்தோடு திரும்பினாள்.

"அம்மா, அது வெயிட்டு இல்ல, வெயிட்டிங். யாராச்சும் கழண்டாத்தான் எனக்கு. அது வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கணும்."

"காத்துக்கிட்டு இருக்கறதுக்கு எதுக்குடி லிஸ்டு? ரேஷன் கடையில நாங்கல்லாம் லிஸ்டு இல்லாமத்தான் காத்துக் கெடக்கோம். பேரு எழுதி வெச்சிருக்கான்னா அது வெயிட்டுதான்."

"அம்மா..."

"கேசரிய தின்னு."

அவ்வளவுதான். அம்மாக்கண்ணு ஒன்றை மனதில் போட்டுப் பூட்டிவிட்டால் சாவியைக் கிணற்றில் எறிந்துவிடுவாள். தெருவெல்லாம் வெயிட்டு லிஸ்டு என்று பரப்பினாள். செல்லதுரையும் கேட்டுவிட்டு, "அப்படியா?" என்று முழு விழிப்போடு எழுந்து உட்கார்ந்தான்.

போன் மறுபடி வரவில்லை. மலர்கொடிக்குப் பொறுக்கவில்லை. எஸ்.டி.டி. பூத்திலிருந்து தானே காலேஜைக் கூப்பிட்டுக் கேட்டுவிடுவது என்று அரியலூருக்கு பஸ் ஏறிப் போய்விட்டாள். அவள் போன நேரம் பார்த்து இங்கே மணி அடித்தது.

"ஏ ஆடே!" என்று ஜெகதாம்பாள் கத்தினாள். "திருச்சி லைன்ல இருக்கு! பொண்ணு இல்லன்னா பெத்தவ பேசணுமாம்!"

அம்மாக்கண்ணு ஓடினாள். வாசல்படி ஏறுவாளா? மாட்டாள். ஜன்னலுக்கு வெளியே போய் நின்றாள். ஜெகதாம்பாள் கம்பி வழியாக ரிசீவரை நீட்டினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"மலர்கொடி அம்மாங்களா? உங்க பொண்ண வெயிட்டிங் லிஸ்டுலேருந்து எடுத்துட்டோம்மா."

அம்மாக்கண்ணு ஜன்னல் கம்பியை ஒட்டி நின்று கத்தினாள். "எடுத்துட்டீங்களா? யாரக் கேட்டு எடுத்தீங்க?"

"இல்லம்மா, ஒரு பையன் வரலேன்னுட்டான். அதான்..."

"அவன் வரலேன்னா அவன எடுங்க! எம்மவ என்னா பண்ணுனா? ஒழுங்கா மறுபடி லிஸ்டுல போடுங்க. ஊரெல்லாம் சொல்லிட்டேன்."

"அம்மா, மறுபடி அதுல போட்டா அவங்க இங்க வர முடியாதும்மா."

"அதுல இருந்து எம்மவ ஒரு இம்மி நவுர மாட்டா. ஆமா."

அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சரிம்மா, உங்களுக்கு வேணாம்னா அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துடறோம். இன்னிக்கே முடிவு பண்ணியாகணும்" என்றது குரல்.

ஜன்னலுக்குள்ளே எல்லாம் காதில் விழ, ஜெகதாம்பாள் துடித்தாள். ஆட்டைத் தேடினாள். ஆடு எங்கேயோ மேயப் போயிருந்தது. அதைத் தேடிப் பிடித்துச் சொல்வதற்குள் திருச்சிக்காரன் போனை வைத்துவிடுவான். கம்பிக்குள் கையை விட்டு அம்மாக்கண்ணுவின் ஜாக்கெட்டைப் பிடித்தாள்.

"அடி கூறுகெட்ட சிறுக்கி! எடுத்துட்டோம்னா சேத்துக்கிட்டோம்னு அர்த்தம்டி! வருவான்னு சொல்லித் தொலை!"

அம்மாக்கண்ணு ஜெகதாம்பாளைப் பார்த்தாள். ரிசீவரைப் பார்த்தாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"சார், வருவா. கண்டிப்பா வருவா. என்னிக்கு வரணும்?" எல்லாம் கேட்டுக்கொண்ட பிறகும் விடவில்லை. "அந்த லிஸ்டுலயும் ஒரு ஓரமா பேரு இருக்கட்டும் சார். ஒங்களுக்கு என்ன கொறஞ்சிடப் போவுது?"

ரிசீவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஜாக்கெட்டு கிழிஞ்சிருந்தா நீதான் தெச்சுக் குடுக்கணும்" என்றாள், ஜெகதாம்பாளிடமே.

"போடி இவளே" என்றாள் ஜெகதாம்பாள்.

மலர்கொடி சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கினாள். அழுதிருந்தாள். "எத்தன தடவ போட்டாலும் எங்கேஜுடுன்னே வந்துச்சும்மா."

"எப்படிக் கெடைக்கும்? நாந்தானே பேசிக்கிட்டு இருந்தேன்" என்றாள் அம்மாக்கண்ணு. பிறகு நடந்ததைச் சொன்னாள். தான் திட்டியதை விட்டுவிட்டுச் சொன்னாள்.

மலர்கொடி அம்மாவைக் கட்டிக்கொண்டு குதித்தாள். அவள் ஓய்ந்த பிறகு அம்மாக்கண்ணு கேட்டாள், "அது சரி, அங்க போயி மொதல்ல என்னா பண்ணுவீங்க?"

"ஐஸ் குச்சிய ஒட்டிப் பாலம் கட்டணும்மா."

அம்மாக்கண்ணு மகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஐஸ் குச்சியா? அடிப்பாவி, ஒங்கப்பன்கிட்ட அத மட்டும் சொல்லாத. மெஷினுன்னே சொல்லு."