ஆயுத பூஜை அன்று ஓட்டிய மிஷின்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஆனால் இது போன வருஷம் ஆயுத பூஜை அன்று, பொழிச்சலூரில், பட்டப்பகலில் எனக்கே நடந்தது. ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

எனக்குப் பரமக்குடிப் பக்கம். பொழிச்சலூரில் ஒரு சின்ன சிஎன்சி பட்டறையில் வேலை. இரும்புத் துண்டைச் சுழலவிட்டு, கம்ப்யூட்டர் சொல்கிறபடி கடைந்து எடுக்கிற மிஷின். சென்னையில் எனக்கு வேறு யாரும் இல்லை. பட்டறை மாடியில்தான் படுக்கை. அம்மா ஊர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். தங்கை வினிதா தினமும் போன் செய்து, "வந்துருண்ணே" என்பாள். வேறொன்றும் சொல்லமாட்டாள்.

ஆயுத பூஜைக்கு மிஷினுக்குப் பொட்டு வைத்துவிட்டால், மறுநாள் பூஜை முடிகிறவரை யாரும் ஓட்டமாட்டார்கள். முதலாளி ஜெயகிருஷ்ணன் சார் தேங்காய் உடைத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உதயா, அந்த ஸ்டீல் புஷ் ஆர்டர மட்டும் முடிச்சுக் குடுத்துட்டு ஈவினிங் ட்ரெயினுக்குக் கிளம்பு. காலையில கஸ்டமருக்கு அனுப்பியே ஆகணும்."

"பூஜை போட்டாச்சே சார்."

"சாமி கோவிச்சுக்காது. கஸ்டமர் கோவிச்சுக்குவார்."

பக்கத்து மிஷின் ஓட்டுகிற அசரியா பொரி மென்றுகொண்டே சிரித்தான். "நான் சர்ச்சுக்குப் போறவன். நானே இன்னிக்கு அதத் தொட மாட்டேன். இன்னா தில்லுடா மச்சான் உனுக்கு."

"முடிச்சாத்தான்டா ஊருக்குப் போக முடியும்."

அவன் சிரிப்பை நிறுத்தினான். "பாத்து ஓட்டு" என்று சொல்லிவிட்டுப் போனான். எல்லாரும் போய்விட்டார்கள்.

மிஷின் கதவைத் திறந்தால் ஓட்டம் நிற்க வேண்டும். அதற்கு ஒரு சுவிட்ச் உண்டு. நேரம் மிச்சமாகட்டும் என்று அதன் ஒயரை நாங்களே ஷார்ட் செய்து வைத்திருந்தோம். கதவு திறந்திருந்தாலும் மிஷின் பாட்டுக்கு ஓடும்.

மூன்று மணி இருக்கும். மிஷின் நின்றது. திரையில் 'டோர் ஓபன்'.

கதவு மூடித்தான் இருந்தது. ஷார்ட் செய்த ஒயரும் அப்படியே இருந்தது. ரீசெட் அடித்து ஓட்டினேன்.

மறுபடியும் நின்றது.

இந்த முறை ஒரு வாசனை. ஆயில் வாசனையைத் தாண்டி... டெட்டால். எங்கள் பட்டறையில் டெட்டால் கிடையாது.

முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்கினார்கள். வெகுதூரம் நடந்து வந்தவர்கள் வாங்குவது போல. திரும்பினேன். யாரும் இல்லை.

ஓடிவிடலாம் போலிருந்தது. அம்மாவை நினைத்துக்கொண்டு மறுபடி ஓட்டினேன்.

நாலு மணிக்குக் கடைசிப் புஷ், குழாய்த் துண்டு மாதிரி ஒரு பாகம். கடையும்போது வருகிற இரும்புச் சுருள் அறுபடாமல் நீளமாக வந்து, இரும்பைப் பிடித்துச் சுழற்றுகிற சக்கில் கற்றையாகச் சுற்றிக்கொண்டது. நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் பீஸ் வீண். வேறு இரும்பும் இல்லை. கதவைத் திறந்து, உறை போட்ட வலது கையை உள்ளே விட்டேன்.

சுருள் உறையைப் பிடித்தது.

கை உள்ளே போனது.

இழுத்தேன். வரவில்லை...

டக்.

மிஷின் நின்றது. மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் போகவில்லை.

சுருள் தானாகப் பிரிந்தது... ஒவ்வொரு சுற்றாக. யாரோ பொறுமையாகப் பிரிப்பது போல. பிரிந்து என் காலடியில் விழுந்தது.

அதில் ரத்தம்.

உறையைக் கழற்றினேன். என் கையில் ஒரு கீறல் இல்லை.

ஓடினேன். தாம்பரத்தில் ராமேஸ்வரம் ரயிலில் ஏறினேன்.

விடிகாலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மா கண் மூடிக் கிடந்தாள். வலது கை முழுக்கக் கட்டு.

"என்ன இது?" என்று வினிதாவிடம் கேட்டேன்.

"நேத்து நாலு மணி இருக்கும்ணே. நான் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன். அம்மாவுக்கு அப்பிடி மூச்சு வாங்குச்சு. பெறகு பாத்தா உள்ளங்கை பூராம் கிழிஞ்சு ரத்தம். யாரும் தொடக்கூட இல்ல. டாக்டரே முழிக்கிறாரு."

பக்கத்தில் வைத்திருந்த ஒரு பஞ்சுப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினாள். "இது கைக்குள்ள இருந்துச்சாம்."

விரல் நீளத்துக்கு ஒரு இரும்புச் சுருள். கடைந்த சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது.

"தேறிருவாங்கன்னுதாண்ணே நேத்துக் காலையில சொன்னாரு. இம்புட்டு ரத்தம் போனதுக்கப்புறம் தாங்காதுங்கிறாரு."

மதியம் அம்மா போய்விட்டாள். கடைசிவரை கண் திறக்கவில்லை.

கீறல் படாத என் வலது கையால்தான் கொள்ளி வைத்தேன்.