போனை எடுக்காத வேன்காரி

வேனக்காவுக்குக் கழுத்து எப்போதும் இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்தே இருக்கும். பிறவிக் கோளாறு ஒன்றுமில்லை. ஸ்டியரிங்குக்கு ஒரு கை, கியருக்கு ஒரு கை என்று போய்விட்டால், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவளுக்குப் போன் பேச மிச்சமிருப்பது தோள்பட்டைதான். காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனைச் செருகி வருடக்கணக்கில் ஓட்டியதில், தூங்கும்போதும் அதே சாய்வு நிலைத்துவிட்டது. "லைன்ல யாரு?" என்று கிண்டல் செய்வான் புருஷன். அவனுக்குப் பாத்திரக் கம்பெனியில் பாலிஷ் போடும் வேலை. நாளெல்லாம் மெஷின் இரைச்சலில் கிடப்பதால் வீட்டில் போன் அலறினாலும் அவன் காதில் விழாது. கொடுத்து வைத்தவன்.

அவள் முதலில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கூட்டிப் பெருக்கவும் வருகிறவர்களை உட்கார வைக்கவும்தான் சேர்ந்தாள். வந்தவர்கள் கிளட்சை விடத் தெரியாமல் வண்டியைக் குதிக்க வைப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து, ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தானே ஏறி மைதானத்தைச் சுற்றி வந்துவிட்டாள். வண்டி ஒருமுறைகூடக் குதிக்கவில்லை. முதலாளி முதலில் திட்டினார், பிறகு லைசென்சுக்கு ஏற்பாடு செய்தார். அப்படி ஆரம்பித்து, பழைய வேன் ஒன்றை வாங்கி, பைபாஸ் ரோட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் ஆளாகிவிட்டாள். பொம்பளை ஓட்டுகிற வேன் என்று பெற்றவர்கள் தேடி வந்து சேர்த்தார்கள். அவளை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினார்கள் என்றே சொல்லலாம்.

தாங்கியதற்கு வட்டியும் வசூலித்தார்கள். காலையில் வண்டியைக் கிளப்பினால் போதும், போன் அடிக்க ஆரம்பித்துவிடும். ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டானா என்று ஒருத்தி. பால் குடிக்காமல் வந்துவிட்டாள், மூஞ்சி எப்படி இருக்கிறது என்று இன்னொருத்தி. வரைபட நோட்டு மேஜைமேலேயே இருக்கிறது, திரும்பி வர முடியுமா என்று ஒரு தகப்பன், ஏதோ அவள் அவன் வீட்டு மாடிப்படியில் நிற்கிற மாதிரி. எடுக்காவிட்டால் விடமாட்டார்கள், எடுக்கும்வரை அடிப்பார்கள். இது போதாது என்று வாட்சப் குரூப் வேறு. அதில் வீடியோ அப்பா என்று அவள் பெயர் வைத்திருந்த ஒருவர், போன் பேசிக்கொண்டே ஓட்டினால் என்ன ஆகும் என்று நசுங்கிய கார்களின் படங்களைப் போடுவார். போடுகிற நேரம், அவள் ஓட்டுகிற நேரம். போட்டுவிட்டுக் கூப்பிட்டு, "பாத்தீங்களா?" என்றும் கேட்பார். மனுஷன் வாய் கூசாமல் கேட்பார்.

வேனக்காவும் லேசுப்பட்டவள் இல்லை. எனக்கு ரோடு மனப்பாடம், கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன் என்று பெருமையடிப்பாள். இந்தப் பெருமைக்கு வாங்கிக் கட்டிக்கொள்ளும் நாள் ஒன்று வந்தது.

பள்ளிக்கூட வாசல். பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். முன்பல் இரண்டும் விழுந்திருந்ததால் ஓட்டைப்பல் என்று வண்டியே கூப்பிடும் சின்னப்பெண் கடைசியாக இறங்கினாள். அந்த நேரம் பார்த்து அவளுடைய அம்மா ஆபீசிலிருந்து கூப்பிட்டாள். போன் தோளுக்கு ஏறியது.

"அக்கா, என் பொண்ணு இறங்கிட்டாளா?"

"இறங்கிட்டாம்மா, உள்ள போயிட்டா" என்று சொல்லிக்கொண்டே வேனக்கா கிளட்சை விட்டாள். பின்னால் வேறு வண்டிகள் ஹாரன் அடித்தன. வேன் நகர்ந்தது. அதே பள்ளிக்கூடத்தில் படிக்கும் வேனக்காவின் மகள், வண்டியை ஓரங்கட்டியதும் இறங்கலாம் என்று பக்கத்து சீட்டில் பையோடு இருந்தவள், மெதுவாகக் கேட்டாள்: "அம்மா, ஓட்டைப்பல் இந்தப்பக்கம் தானே வந்தா, எங்க காணோம்?"

கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. வேனக்கா இறங்கி முன்னால் போய்ப் பார்த்தாள். பம்பருக்கு ஒரு சாண் தள்ளி அந்தக் குழந்தை குந்தி உட்கார்ந்து, சிதறிக் கிடந்த கலர் பென்சில்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்து, பச்சையை மட்டும் காணோம் என்றது. தோளிலிருந்து நழுவிய போனில் அந்த அம்மா இன்னும் ஹலோ ஹலோ என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே குரூப்பில் பேசி அனுப்பினாள். இனிமேல் வண்டி ஓடும்போது போன் எடுக்க மாட்டேன், அவசரம் என்றால் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிடுங்கள் என்று. எல்லோரும் கைகூப்பும் பொம்மைகளாக அனுப்பித் தள்ளினார்கள். வீடியோ அப்பா, இப்படிப் பொறுப்பானவர்கள்தான் நாட்டுக்குத் தேவை என்று நீளமாக எழுதினார். மறுநாள் காலை வண்டி தெருமுனையைத் தாண்டுவதற்குள் முதல் போன் வந்தது. அவருடையதுதான்.

அவள் எடுக்கவில்லை. சத்தத்தை அணைத்து, டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டு மூடினாள். பெட்டிக்குள் போன் உர்ரென்று நடுங்குவது மட்டும் கேட்கும். பிள்ளைகளை இறக்கிவிட்டு, ஓரமாக நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் அவளே கூப்பிட்டுச் சொல்லுவாள். அதற்கும் பாட்டு விழுந்தது. என்ன திமிர், ஒரு போன் எடுக்க என்ன கேடு, பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று. கடைசியில் பெற்றவர்கள் கூட்டம் போட்டார்கள்.

அடுக்குமாடி ஒன்றின் கீழ்த்தளம். பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒருத்தர் விடாமல் எல்லோர் கையிலும் போன். வேனக்கா உட்காரவில்லை.

"நாங்க ரொம்ப ஒண்ணும் கேக்கலயே. எடுத்து ஒரு வார்த்தை, அவ்வளவுதானே" என்றார் வீடியோ அப்பா.

மறைத்து வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. வாசலில் நடந்ததை அப்படியே சொன்னாள். பென்சில் பொறுக்கியதைச் சொன்னாள், ஒரு சாண் என்று கையை விரித்தும் காட்டினாள். உண்மையைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று அவள் மனப்பூர்வமாக நம்பினாள், பைத்தியக்காரி.

ஓட்டைப்பல்லின் அம்மா எழுந்து நின்றாள். முகமெல்லாம் வெளிறியிருந்தது. "என் பொண்ணு முன்னாடி இருக்கறப்போ நீங்க வண்டிய எடுத்தீங்களா?"

"ஆமாம்மா. அப்போ நீங்கதான் லைன்ல இருந்தீங்க."

"நான் கூப்பிட்டேன். எடுக்கச் சொன்னது யாரு?"

அந்தக் கூட்டத்தில் ஒருத்தராவது சிரித்திருக்கலாம். ஒருத்தரும் சிரிக்கவில்லை. எடுக்கவில்லை என்று குற்றம் சாட்டுவதற்காகக் கூடியவர்கள், எடுத்தாள் என்ற குற்றத்துக்குத் தண்டனை கொடுத்துவிட்டுக் கலைந்தார்கள். அடுத்த மாதத்திலிருந்து வேறு வேன்.

புது வேன்காரனுக்கு எந்நேரமும் கறுப்புக் கண்ணாடி. கண்ணாடித்தம்பி என்றே பெயர். முதல் அடியிலேயே போனை எடுப்பான், சிரித்துப் பேசுவான். பெற்றவர்களுக்குப் பரம திருப்தி.

வேனக்கா சீட்டுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, சலவைக் கம்பெனியிலிருந்து ஆஸ்பத்திரிகளுக்குப் படுக்கை விரிப்பு ஏற்றப் போனாள். துணிமூட்டைக்கு அம்மா கிடையாது, ஸ்வெட்டர் போட்டதா என்று யாரும் கேட்கமாட்டார்கள் என்று புருஷனிடம் சொன்னாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை, அவளுக்கும் வரவில்லை. விடிவதற்கு முன்பே லோடு ஏற்ற வேண்டியிருந்ததால் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட அவளால் முடியவில்லை. அந்தப்பக்கம் பஸ் கிடையாது. பைபாஸைச் சிறுபெண் தனியாகத் தாண்டவும் முடியாது. போகிற வேன் ஒன்றே ஒன்றுதான். வேறு வழியில்லாமல் சொந்த மகளைக் கண்ணாடித்தம்பியின் வேனில் ஏற்றினாள்.

"தம்பி, ஓட்டறப்போ போன் எடுக்காதீங்க. கால்ல விழுந்து கேக்கறேன்னு வெச்சுக்கோங்க."

அவன் நல்ல பையன்தான். மறைக்காமல் சொன்னான்: "எடுக்கலன்னா உங்களுக்கு நடந்தது எனக்கும் நடக்கும்லக்கா."

அதன்பின் சாயங்காலமானால் அவள் ஜன்னலை விட்டு நகரமாட்டாள். மகள் படியேறும் சத்தம் கேட்டால்தான் அவளுக்குத் தண்ணீர் உள்ளே இறங்கும். குரூப்பில் இப்போது அவளும் ஒரு பெற்றவள். மற்றவர்கள் வேன் எங்கே வருகிறது, எங்கே வருகிறது என்று கேட்டு எழுதும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்ப்பாள், தான் ஒரு எழுத்தும் எழுத மாட்டாள்.

ஒருநாள் சாயங்காலம் கொட்டித் தீர்த்தது மழை. வேன் வரவேண்டிய நேரம் தாண்டிவிட்டது. தெருவில் முழங்காலளவு தண்ணீர். அடுத்த தெருவில் கரண்ட் கம்பம் சாய்ந்துவிட்டது என்று எதிர்வீட்டுக்காரர் சொல்லிவிட்டுப் போனார். வேனக்கா ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தாள். பள்ளிக்கூடத்தில் கேட்டால் வண்டி எப்போதோ கிளம்பிவிட்டது என்றார்கள். அதைக் கேட்ட பிறகுதான் அவள் கூப்பிட்டாள். வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது என்று நன்றாகத் தெரிந்தே கூப்பிட்டாள். எடுத்துவிடாதே என்று மனசு வேண்டிக்கொண்டது. எடு, எடு என்றும் அதே மனசுதான் கெஞ்சியது.

முதல் அடியிலேயே எடுத்தான்.

"சொல்லுங்கக்கா. பாலத்துமேல வந்துக்கிட்டிருக்கேன்." பின்னால் பிள்ளைகளின் கூச்சல், வைப்பர் தேய்க்கும் சத்தம், எதிரே ஏதோ லாரியின் ஹாரன்.

உடனே வைத்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்த ஊரிலேயே கிடையாது.

"பாப்பா உள்ள இருக்காளா தம்பி?"

"இருங்க, திரும்பிப் பாக்கறேன்."

அப்புறம் வைப்பர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. மழையில், பாலத்தின்மேல், அத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருவன் ரோட்டைப் பார்க்காமல் பின்னால் தலையைத் திருப்பியிருக்கிறான் என்பது அவளுக்கு ஜன்னலுக்கு வெளியே நடப்பது மாதிரி தெரிந்தது. அந்தத் தலையைத் திருப்ப வைத்தவள் அவள். வேண்டாம் தம்பி, முன்னால் பார் என்று கத்த வாயைத் திறந்தாள். ஆனால் கத்தவில்லை. ஏனென்றால் மகள் இருக்கிறாளா இல்லையா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

"இருக்காக்கா. மூணாவது சீட்ல தூங்குறா."

அவளுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கோபம் பிறகுதான் வந்தது, அதுவும் அவன்மேல் இல்லை.