குண்டுமேட்டுப் பள்ளம்

வெயிலில் கிடந்த ஈயக்குண்டை உள்ளங்கையில் வைத்து மூடினால் முதலில் சூடு தெரியும், பிறகு அதன் கனம் தெரியும், கையைத் திறந்து முகர்ந்தால் பழைய சாவியும் புழுதியும் கலந்தது போல ஒரு வாசனை வரும். எத்தனை முறை சோப்புப் போட்டாலும் அது போகாது. என் பத்தாவது வயதின் கோடை விடுமுறை முழுவதும் என் விரல்களில் அந்த வாசனைதான் இருந்தது.

சூலக்கரையைத் தாண்டி, மிளகாய்த் தோட்டங்கள் முடிந்து வேலிக்கருவை தொடங்குகிற பொட்டலில், வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளத்துக்காரர்கள் துப்பாக்கி சுட்டுப் பழகிய இடம் ஒன்று இருந்தது. அவர்கள் எப்போது வந்தார்கள், எப்போது போனார்கள் என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. விட்டுப்போனவை மட்டும் கிடந்தன: அரைப்பனை உயரத்துக்கு ஒரு மண்மேடு, அதற்கு எதிரே நூறு நூறு கஜத்துக்கு ஒன்றாக எண் வெட்டிய கற்கள், மேட்டின் காலடியில் ஆள் உயரத்துக்கும் அதிக ஆழமான நீளப் பள்ளம். பள்ளத்தின் இரண்டு பக்கமும் கருங்கல் சுவர். ஒரு பக்கம் தலைக்குமேல் பாதிவரை நீண்ட காங்கிரீட் கூரை. இறங்க ஒரு கோடியில் மட்டும் குறுகலான படிகள். சுடும்போது குறி அட்டைகளை ஏற்றி இறக்குகிறவர்கள் அதற்குள்தான் பதுங்கி உட்கார்ந்திருப்பார்களாம். குண்டுகள் அவர்கள் தலைக்குமேல் பறந்து மேட்டில் போய்ப் புதையுமாம். ஊரில் அதற்குப் பெயர் "குண்டுமேடு". "அங்கன காக்காகூட உக்காராது" என்பார்கள். நான் பார்த்தவரை உட்கார்ந்ததில்லை.

என்னை அங்கே கூட்டிப்போனவள் என் வகுப்புத் தோழி புஷ்பம். அவளுடைய அப்பாவின் மிளகாய்த் தோட்டம் மேட்டை ஒட்டி இருந்தது. உழும்போது கொழுவில் ஈயம் தட்டுப்படும் என்று சொல்லுவாள். எங்களுக்கு அந்த ஈயம் தட்டாங்கல் ஆட வேண்டியிருந்தது. கல்லைப் போல உருண்டு ஓடாமல் விழுந்த இடத்திலேயே "சொத்" என்று உட்கார்ந்துகொள்ளும் ஈயக்குண்டுகளை, ஏழும் ஒரே அளவாகச் சேர்த்துவிட வேண்டும் என்று சபதம் போட்டுக்கொண்டு, மதியச் சாப்பாடு முடிந்து பெரியவர்கள் கண்ணயர்கிற நேரத்தில் தினமும் கிளம்பிவிடுவோம். பாதி குண்டுகள் எதிலோ மோதி நசுங்கிப் பூப் போல விரிந்திருக்கும். அவற்றைத் தூர எறிந்துவிடுவோம். பள்ளத்துக்குள் துருப்பிடித்து நின்ற இரும்புச் சட்டங்களில் பொத்தல் பொத்தலாக இருக்கும். காற்று அடித்தால் அந்தப் பொத்தல்கள் வழியே யாரோ பல்லிடுக்கில் விசிலடிப்பது போல ஒரு சத்தம் கேட்கும். அதைக் கேட்டால் இருவரும் பேச்சை நிறுத்திவிடுவோம். ஏன் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டதில்லை.

ஏப்ரல் மாதக் கடைசியில் ஒருநாள் காற்றே இல்லை. ஆனாலும் பள்ளத்திலிருந்து சத்தம் வந்தது. பேச்சுக் குரல்கள், நடுவே ஒரு பெண்ணின் சிரிப்பு. மேட்டின்மேல் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தோம். கீழே கூரை நிழலில் சாக்கு விரித்து மூன்று பெண்கள் உட்கார்ந்து, காகிதக் குழாய்களில் பட்டாசு மருந்து செலுத்திக்கொண்டிருந்தார்கள். மருந்துத் தூள் படிந்த கைகள் முழங்கைவரை வெள்ளி பூசியது போல மின்னின. படிகளுக்குப் பக்கத்தில் மூடைகள் அடுக்கியிருந்தன. மூவரில் ஒருத்தி தலையை நிமிர்த்தினாள். புஷ்பத்தின் அக்கா செல்வராணி.

சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டிக் கம்பெனிக்கு வேலைக்குப் போவதாகத்தான் செல்வராணி அக்கா வீட்டில் சொல்லியிருந்தாள். முன்பு வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனி பூட்டப்பட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது; ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது; தீபாவளிக்கான ஆர்டர் தொடங்குகிற சீசனில் யாரோ ஒருவர் லைசென்ஸ் இல்லாமல் மறைவாக வேலை கொடுத்தார், அக்கா வந்துவிட்டாள். இதையெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அவள் படியேறி வந்து, வெள்ளிக் கையால் எங்களைத் தொடாமல் தள்ளி நின்றுகொண்டு, "வீட்டுல சொல்லிராதீக" என்று மட்டும் சொன்னாள். கீழே சிரித்த பெண்ணின் பெயர் சண்முகத்தாய். மடியிலிருந்த வெள்ளரிப்பிஞ்சுகளைக் கழுவச் சொல்லி எங்களிடம் தந்தாள். "மேட்டுக்கு அந்தப் பக்கம் போய் விளையாடுங்க கண்ணு, கல்லு கில்லு இங்கன உருட்டிவிட்டுறாதீக" என்றாள். இரண்டுக்கும் நாங்கள் சத்தியம் செய்தோம்.

என் அம்மா பெரியாஸ்பத்திரியில் நர்ஸ். தீக்காயப் பிரிவில் வேலை. அப்பா வெளியூர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்பதால் வாரக் கடைசியில்தான் வருவார். ஆகவே வார்டில் நடந்ததையெல்லாம் அம்மா சாப்பிடும்போது என்னிடம்தான் சொல்லுவாள். பட்டாசு அறை என்றால் பல பக்கமும் வாசல் வைத்துத்தான் கட்ட வேண்டும், ஓடுவதற்கு வழி இல்லாதவர்கள்தான் அவளிடம் வந்து சேருகிறார்கள் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். அதனால் அந்தப் பள்ளத்தில் என்ன இல்லை என்று எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. தெரிந்தும் ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. கர்த்தர் பெயரில் செய்த சத்தியம் என்பது ஒரு காரணம். சண்முகத்தாய் தினமும் வெள்ளரிப்பிஞ்சு தந்தாள் என்பதும் ஒரு காரணம்தான்.

பத்தாம் நாள் ராச்சாப்பாட்டின்போது என் வாய் தானாகக் கேட்டுவிட்டது, ஒரே வாசல் உள்ள இடத்தில் மருந்து வேலை செய்தால் என்ன ஆகும் என்று. அம்மா பிசைந்த கையை அப்படியே வைத்திருந்தாள். எங்கே என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் பேசிக்கொண்டார்கள் என்றேன். விடுமுறையில் ஏது பள்ளிக்கூடம் என்று அவள் கேட்கவில்லை. என் பாவாடையில் ஒட்டியிருந்த மேட்டு மண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

மறுநாள் மதியம் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தே அங்கு வந்தாள். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் அன்றைக்கு லோடு ஏற்ற வந்திருந்தார். வேலை கொடுத்தவர் அவர்தான். அம்மாவை அவருக்குத் தெரிந்திருந்தது. "வாங்க நர்சம்மா" என்று மரியாதையாகத்தான் பேசினார். அம்மா நேராகப் பள்ளத்துக்குள் இறங்கினாள், படி இல்லாத மறுகோடிவரை நடந்து போனாள், அங்கிருந்து பெண்களைப் பார்த்து, இப்போது தீப்பிடித்துவிட்டது என்று வைத்துக்கொண்டு எழுந்து ஓடிப் படியேறச் சொன்னாள். சண்முகத்தாய்க்கு அது விளையாட்டாக இருந்தது. சிரித்துக்கொண்டே சேலையைத் தூக்கிச் செருகி ஓடினாள். மற்ற இருவரும் பின்னால் ஓடினார்கள். படியில் மூவரும் ஒருவர்மேல் ஒருவர் மோதி, மூடைகளுக்கும் சுவருக்கும் நடுவே இறுகி, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் நின்றார்கள். சிரிப்பு நின்றுவிட்டது. மேலே நின்ற எனக்கு அவர்கள் மூச்சு வாங்குவது கேட்டது.

வெள்ளைச் சட்டைக்காரர், "பட்டாளத்துக் குண்டுக்கே அசையாத சுவரு நர்சம்மா, இதவிடப் பாதுகாப்பு எங்க இருக்கு?" என்றார்.

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றாள் அம்மா. "அப்ப குண்டு வெளிய இருந்து வந்துச்சு. இப்ப உள்ள இருக்கு."

நாளைக்கும் இங்கே ஆள் இருந்தால் புகார் எழுதிக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு அவள் மேலே வந்தாள். செல்வராணி அக்கா என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் இவ்வளவு காலம் நினைவில் நின்றிருக்காது.

மறுநாள் போய்ப் பார்த்தபோது பள்ளம் காலியாக இருந்தது. சாக்குகூட இல்லை; சுவரில் மட்டும் வெள்ளிக் கைத்தடங்கள் இருந்தன. புஷ்பம் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சேர்த்து வைத்திருந்த ஆறு குண்டுகளையும் எங்கள் வாசலில் கொட்டிவிட்டுப் போனாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு பிற்பகலில் சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சாத்தூர் ரோட்டுப் பக்கம் வெள்ளையாகப் புகை எழுந்து நின்றது. தண்ணீர் இல்லாத ஒரு கிணற்றடியில், தகரக் கொட்டகையில், அதே வேலை நடந்துகொண்டிருந்திருக்கிறது. சண்முகத்தாயும் பள்ளத்தில் கூட இருந்த இன்னொரு பெண்ணும் அங்கேயே இறந்துபோனார்கள். வாசலுக்கு அருகில் இருந்த செல்வராணி அக்கா ஓடி வெளியே விழுந்தாள். முதுகும் இரண்டு கைகளும் வெந்திருந்தன. அன்றைக்கு வார்டில் அம்மாவுக்குத்தான் டூட்டி.

பள்ளிக்கூடம் திறந்த அன்று புஷ்பம் என்னிடம் வந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "நீ சொல்லலைன்னா அவுக அந்தத் தகரத்துக்குள்ள போயிருக்க மாட்டாக." பள்ளத்தில் வெடித்திருந்தால் அக்காவும் உயிரோடு வெளியே வந்திருக்க மாட்டாள் என்று நான் சொல்லியிருக்கலாம். பள்ளத்தில் வெடித்தே இருக்காது என்று அதற்குப் புஷ்பம் சொல்லியிருக்கலாம்.

அம்மாவிடம் கேட்டேன், நாம் செய்தது சரியா தப்பா என்று. உடனே சமாதானம் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, "மிரட்டிட்டு வந்தது தப்பு புள்ள. அன்னைக்கே எழுதிக் கொடுத்திருக்கணும். அந்தப் பிள்ளைக்கு ஆவணில கல்யாணம்னு பாத்துட்டேன்" என்றாள். அதற்குமேல் அதைப் பற்றி அவள் பேசியதே இல்லை. ஆனால் அக்கா வார்டில் இருந்த அத்தனை மாதமும், தனக்கு டூட்டி இல்லாத நாளிலும் கட்டு மாற்ற அவளே போனாள். ஆவணியில் கல்யாணம் நடக்கவில்லை. அடுத்த தையில், அதே மாப்பிள்ளை வீட்டார் தாங்களாகவே வந்து கேட்டு நடந்தது. எங்களுக்கும் பத்திரிகை வைத்தார்கள். அம்மா என்னை அழைத்துக்கொண்டு போனாள். மாலையைப் பிடிக்க மடங்காத அக்காவின் விரல்களைப் பார்க்க முடியாமல் நான் பந்தல் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

போன மாதம் விருதுநகருக்கு ஒரு வேலையாகப் போனவள், ஆட்டோ பிடித்துக் குண்டுமேட்டைப் பார்க்கப் போனேன். மேடு இல்லை. லாரி லாரியாக அள்ளி எங்கோ ரோட்டுக்கும் வீட்டு அஸ்திவாரத்துக்கும் போட்டுவிட்டார்கள்; அந்த ஈயமெல்லாம் இப்போது யார் யார் வீட்டுத் தரைக்கு அடியில் கிடக்கிறதோ தெரியாது. எண் வெட்டிய கற்கள் இருந்த இடத்தில் மஞ்சள் பூசிய மனைக் கற்கள் வரிசையாக நட்டிருந்தன. பள்ளத்தை மூடிச் சமப்படுத்தியிருந்தார்கள். அது எந்த இடம் என்று நடந்து நடந்து பார்த்தும் என்னால் சொல்ல முடியவில்லை. நான் மனை பார்க்க வந்திருப்பதாக நினைத்துக்கொண்டு காவல்காரர் பக்கத்தில் வந்தார். பயப்படாமல் வாங்கலாம், முன்னால் இங்கே சுடுகாடு கிடுகாடு ஒன்றும் இருந்ததில்லை, வெறும் பொட்டல்தான் என்றார். நான் உள்ளூர்க்காரி என்று தெரிந்ததும், "நீங்களே சொல்லுங்கம்மா, இங்கன என்ன இருந்துச்சு?" என்று கேட்டார். சற்றுத் தள்ளி ஒரு இளம் தம்பதி கைக்குழந்தையோடு ஒரு மனையின் மூலைக் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கும் கேட்கும்படியாக, ஒன்றும் இருந்ததில்லை என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினேன்.