வூங் தாவ் ரிசார்ட்டில் மூணு வேளைச் சாப்பாடு

இன்று என் வீட்டம்மா மும்தாஜோடு டிராவல்ஸ் கடைக்குப் போனேன். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, இங்கே வியட்நாமில் டோங் டு பள்ளிவாசல் பக்கத்தில் நாங்கள் நடத்தும் மெஸ்ஸைப் பூட்டிவிட்டு வூங் தாவ் கடற்கரையில் இரண்டு நாள் தங்கப் போகிறோம்.

அறையை முடிவு செய்ததும் அங்கிருந்த வியட்நாம் பெண், மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் சேர்த்தே பணம் கட்டிவிடுகிறீர்களா என்று கேட்டாள்.

மும்தாஜிடம் தமிழில் சொன்னேன்: "அங்க நமக்கு என்ன கிடைக்கும்? மீனும் சோறும்தான். நம்ம ஆளுங்க எல்லாரும் ரைஸ் குக்கரோடதானே போறாங்க? நீ புளிச்சோறு கிளறிடு. உன் கைப்பக்குவம் எவனுக்கு வரும்?"

நல்லா ஐஸ் வைத்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

மும்தாஜோ அந்தப் பெண்ணிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: "காலைச் சாப்பாடு எத்தனை மணி வரைக்கும்?"

"பத்து மணி வரைக்கும் இருக்கும்."

"பத்து வரைக்குமாங்க!" என்று என் பக்கம் திரும்பினாள். மெஸ்ஸுக்கு மாவரைக்க தினமும் நாலு மணிக்கு எழுந்திருப்பவள். லாட்டரி விழுந்தவள் முகம்கூட அப்படி மலராது.

"அப்ப குக்கர்?" என்றேன், சும்மா வம்புக்கு.

"அதுவும் பாவங்க. ரெண்டு நாள் தூங்கட்டும்."

மறுபேச்சில்லாமல் கட்டிவிட்டேன்.

சனி, ஞாயிறு மெஸ் லீவு. பசியோடு வந்து பூட்டைப் பார்க்கிறவர்கள் என்னைத் திட்டுங்கள், அவளை வேண்டாம்.

அப்புறம் ஒரு சந்தேகம். பொண்டாட்டி பத்து மணி வரை தூங்கினால், அதுவரை புருஷன் சத்தம் போடாமல் என்னதான் செய்வான்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கப்பா.