கொக்கியில் தொங்கும் சேணம்

எங்கள் அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். அது வேறு யாரையும் கெடுத்ததில்லை, அவளைத்தான் கெடுத்தது.

கல்யாணமான புதிதில் துணைவேந்தர் வீட்டில் துடைப்பத்தை எடுத்தவள். எப்போதோ ஒரு வியாபாரி கட்டிய வீடு அது. போர்க்காலத்தில் ஆஸ்பத்திரியாக இருந்து, அப்புறம்தான் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. ஒரு துணைவேந்தரின் மனைவி சுவருக்கு நீலம் அடிப்பார்; அடுத்து வருகிறவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வெள்ளை அடிப்பார். தேக்குப் படிக்கட்டைத் துடைத்துத் துடைத்து அக்காவின் முட்டிதான் தேய்ந்தது. சமையலறைக்குப் பின்னால் இருந்த சின்ன அறை அவளுக்கு. பக்கவாதம் வந்து படுத்துவிட்ட அத்தானின் கட்டிலும் அங்கேதான். அவர் குரல் கொடுத்தால் ஓடிவிடலாம் என்பதால்தான் அவளால் வேலையே பார்க்க முடிந்தது.

புதிதாக வந்த துணைவேந்தருக்கு வீட்டைப் பழையபடி ஆக்கிவிட ஆசை. அதற்கென்று வந்த பொறியாளர், எந்த அறை என்னவாக இருந்தது என்று அக்காவிடம் விசாரித்தார். அவ்வளவு பெரிய மனிதர் தன்னை உட்காரவைத்துக் கேட்டதும் இவளுக்குத் தலைகால் புரியவில்லை.

“எங்க ரூமைப் பாருங்க சார். குதிரைச் சேணம் மாட்டுற இடமாம். பழைய தோட்டக்காரர் சொல்லுவார்.”

சொன்னதோடு விட்டாளா? கரண்டிக் காம்பால் சுவரைச் சுரண்டி, சாந்துக்குள் புதைந்திருந்த இரும்புக் கொக்கியைக் காட்டியேவிட்டாள், பாவி! அந்த மனிதர் குதிக்காத குறை.

“இந்த வீட்டுல மாறாம மிஞ்சினது இது ஒண்ணுதாம்மா!”

அடுத்த வாரமே அறையைக் காலிசெய்யச் சொல்லிவிட்டார்கள். அக்கா துணைவேந்தரிடமே போய் நின்றாள்.

“வேற ஒரு மூலை குடுங்கய்யா. அவரை விட்டுட்டு நான் எப்படி வேலை பார்ப்பேன்?”

“நீங்கதானேம்மா கண்டுபிடிச்சுக் குடுத்தீங்க? பெருமைப்படணும்.”

அவர் அதை மனசாரத்தான் சொன்னாராம்.

அத்தானை என் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நானும் மில்லுக்குப் போகிறவள். பகலில் வீட்டில் யாரும் இல்லை. ஒருநாள் சாயங்காலம் அக்கா வந்து கதவைத் திறந்தபோது, அவர் கட்டிலுக்குக் கீழே விழுந்து கிடந்தார். உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது.

“எத்தனை தடவை கூப்பிட்டாரோடீ” என்றாள் என்னிடம். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

இப்போது அந்தக் கொக்கியில், எங்கேயோ வாங்கி வந்த ஒரு சேணம் தொங்குகிறது. வாசலில் குறுக்கே கயிறு. தூசி துடைக்க அக்கா மட்டும் உள்ளே போகலாம். போன வாரம் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். கட்டில் கிடந்த இடத்தில் நின்று சேணத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். வீட்டைச் சுற்றிப் பார்க்க வந்த ஒரு பெண் கயிற்றுக்கு அப்பாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“ஏம்மா, இது முன்னாடி என்ன ரூம்?”

“எனக்குத் தெரியாதுங்க” என்றாள் அக்கா.